ஜி6பிடி டெஸ்ட்: வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேபும் கல்லூரி ஆஸ்பத்திரி லேபும்

சிவப்பணு உடைகிற சோகைக்கு ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதி) டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எங்கே கொடுக்கலாம் என்று சொந்தக்காரர்களில் ரெண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போடுவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். என் அக்கா மகனுக்காக ஒரே டெஸ்ட்டை இரண்டு இடத்தில் எடுத்தோம். முதலாவது, ஆப்பில் புக் செய்தால் காலையில் வாசலில் வந்து நிற்கும் ஒரு பெரிய செயின் லேப். இரண்டாவது, மதுரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற ரத்தவியல் லேப். இரண்டுக்கும் பெயர் போடப் போவதில்லை, ஏனென்றால் முதலாவதில் நடந்தது எந்தச் செயின் லேபிலும் நடக்கக்கூடியதுதான். முதலாவதற்கு ஐந்துக்கு இரண்டு, இரண்டாவதற்கு நாலரை.

பையனுக்கு ஆறு வயது. ஒரு காய்ச்சல், சாதாரணக் காய்ச்சல்தான், மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி தேட ஆரம்பித்த வீட்டில், மறுநாள் காலை அவன் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனதைப் பார்த்து அக்கா அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஹீமோகுளோபின் 5.9. ரெட்டிகுலோசைட், அதாவது இளம் சிவப்பணு, ஏறியிருந்தது, செல் உடைந்தால் ஏறுகிற எல்டிஹெச் எகிறியிருந்தது, கண்ணை மஞ்சளாக்குகிற பிலிருபினில் இன்டைரக்ட் (கல்லீரல் இன்னும் மாற்றாத) பங்குதான் அதிகம். கூம்ஸ் டெஸ்ட் நெகட்டிவ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் அணுக்களை அழிக்கிற கேஸ் இல்லை. அன்று ராத்திரியே ரத்தம் ஏற்றினார்கள். ஸ்மியர், அதாவது கண்ணாடியில் தடவிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பேத்தாலஜி டாக்டர் சில சிவப்பணுக்கள் ஓரத்தில் கடிபட்டு இருப்பதாக எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கல்லீரலில் பிரச்சினை இல்லை, அணுக்கள் நாளத்துக்குள்ளேயே உடைகின்றன, ஜி6பிடி பார்த்துவிடுங்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிக் கொடுத்தார்கள். எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை.

சரி, செயின் லேபுக்கு வருவோம். குறை சொல்வதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்க வந்த தம்பி கெட்டிக்காரர். ஆஸ்பத்திரியில் குத்திக் குத்திக் கை வீங்கிப் போயிருந்த பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரே குத்தில் எடுத்துவிட்டார். ஊதா மூடி போட்ட இடிடிஏ டியூப், மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினார், ஐஸ் ஜெல் வைத்த பெட்டிக்குள் வைத்தார். இந்த டெஸ்ட்டுக்கு அது முக்கியம். ரத்தம் குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது, வெயிலில் பைக் டிக்கியில் அலையக் கூடாது. நொதி வெப்பத்தில் செத்துப்போனால் நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் குறைபாடு என்று ரிப்போர்ட் வரும். இந்த விஷயத்தில் அவர்கள் மேல் எந்தப் புகாரும் இல்லை.

ஆனால் அவர் ஆப்பில் டிக் பண்ணிய கேள்விகளைக் கேளுங்கள். பெயர், வயது, "சாப்பிட்டாச்சா, வெறும் வயிறா?", சர்க்கரை மாத்திரை எடுப்பவரா. ஆறு வயசுப் பிள்ளைக்கு! ஜி6பிடிக்கு வெறும் வயிறே தேவையில்லை. கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: சமீபத்தில் ரத்தம் ஏற்றினீர்களா, சமீபத்தில் மஞ்சள் காமாலையோ கறுத்த சிறுநீரோ வந்ததா. இரண்டும் அந்த ஆப்பில் இல்லவே இல்லை. கையில் ஊசி போட்ட பிளாஸ்திரி கூட உரியாத பிள்ளை. அக்காவாகவே "இப்பதான்யா ரத்தம் ஏத்திட்டு வந்தோம்" என்று சொன்னாள். "அதெல்லாம் பிரச்சினை இல்லக்கா, வேற டெஸ்ட்டுதானே இது" என்றுவிட்டார் தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர்கள் இதைக் கற்றுக் கொடுக்கவில்லை.

ரெண்டு நாளில் வாட்ஸப்பில் பிடிஎஃப் வந்தது. கிராமுக்கு 5.1 யூனிட், அவர்கள் லேபில் கீழ் எல்லை 4.6. பச்சை வட்டம், பக்கத்தில் கட்டைவிரல் உயர்த்திய படம். கீழே நோயைப் பற்றி ஒரு பத்தி, எல்லா ரிப்போர்ட்டிலும் ஒட்டுகிற அதே பத்தி. அதன் நடுவில் பொடி எழுத்தில், ரத்தம் உடையும் சமயத்திலும் ரத்தம் ஏற்றிய பிறகும் முடிவு பொய்யாக நார்மல் காட்டலாம் என்று இருக்கிறது. பாருங்கள், அவர்களுக்குத் தெரியும்! தெரிந்த விஷயத்தைக் கேள்வியாக முன்னால் வைக்காமல் பொடி எழுத்தாகப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பச்சை வட்டத்தைப் பார்த்த பிறகு பொடி எழுத்தை யார் படிப்பார்? அக்கா வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள்.

ஏன் பொய்யாக நார்மல் காட்டும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புரிந்தால்தான் எந்த லேபிலும் சரியாகக் கேள்வி கேட்க முடியும். சிவப்பணுவுக்குள் உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியே வரும்போது என்ன நொதி இருந்ததோ அதை வைத்துத்தான் சுமார் 120 நாள் காலம் தள்ள வேண்டும், புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை. ஜி6பிடி என்கிற நொதியின் வேலை என்ஏடிபிஹெச் என்ற பொருளை உண்டாக்குவது. அது இருந்தால்தான் குளூட்டாதயோன் வேலை செய்யும், குளூட்டாதயோன் இருந்தால்தான் மருந்தோ தொற்றோ உண்டாக்கும் ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து ஹீமோகுளோபின் தப்பும். மற்ற செல்களுக்கு என்ஏடிபிஹெச் செய்ய வேறு வழிகள் உண்டு, சிவப்பணுவுக்கு இது ஒன்றுதான். நொதி குறைந்த அணுவில் ஹீமோகுளோபின் திரிந்து கட்டியாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பெயர் ஹைன்ஸ் பாடி. மண்ணீரல் அந்தக் கட்டியைப் பிய்த்து எடுக்கும்போதுதான் ஸ்மியரில் பார்த்த அந்தக் கடிபட்ட செல் உருவாகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அணுவுக்கு வயதாக ஆக நொதி குறையும். தாக்குதல் வந்தால் முதலில் உடைவது வயதான, நொதி வற்றிய அணுக்கள். மிஞ்சுவது இளசுகள், அதோடு மஜ்ஜை அவசரமாக அனுப்பிய ரெட்டிகுலோசைட்டுகள், அவற்றில் நொதி கூடுதல். போதாக்குறைக்கு யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த நல்ல ரத்தம் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சமயத்தில் ரத்தம் எடுத்து அளந்தால், செத்துப்போனவர்களை விட்டுவிட்டு மிச்சம் இருப்பவர்களையும் விருந்தாளிகளையும் சேர்த்துக் கணக்கெடுத்த மாதிரிதான். மெஷின் தப்பாக அளக்கவில்லை. 5.1 என்பது அந்த டியூபில் இருந்த ரத்தத்துக்குச் சரியான எண். பிள்ளையின் எண் அது அல்ல, அவ்வளவுதான்.

இதைச் சொன்னது குழந்தைகள் ரத்தவியல் டாக்டர். ரிப்போர்ட்டை ஒரு நொடி பார்த்தார், தேதியைப் பார்த்தார், டிஸ்சார்ஜ் சம்மரியில் ரத்தம் ஏற்றிய தேதியைப் பார்த்தார், பேனாவால் 5.1 மேல் ஒரு கோடு போட்டார். "இத மறந்துடுங்கம்மா. மூணு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் குறைபாடு இருக்குன்னே வச்சு நடத்துங்க." பிறந்தபோது மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்களா என்று கேட்டார். வைத்திருந்தார்கள், நாலு நாள். அன்றைக்கே இதைப் பார்த்திருக்கலாம் என்றார். சிங்கப்பூரில் 1965-இலிருந்தே பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பார்த்துவிடுகிறார்கள், மலேசியாவிலும் வழக்கம்தான். அங்கே இருக்கிற நம் ஆட்கள் வீடுகளில் பிள்ளை பிறந்தால் ரத்த வகை சொல்வதுபோல ஜி6பிடியையும் சொல்வார்கள். இங்கே தனியார் ஆஸ்பத்திரிகளில் காசு கொடுத்தால் உண்டு, கேட்கத் தெரிந்தால் உண்டு.

கஸ்டமர் கேருக்கு நானே போன் போட்டேன். காசு திரும்ப வேண்டாம், உங்கள் ஆப்பில் அந்த இரண்டு கேள்வியைச் சேருங்கள் என்று சொல்லத்தான். "சார், உங்க ரிப்போர்ட் நார்மல்தான் சார், கவலைப்பட வேண்டாம்" என்று ஆரம்பித்தார் அந்தப் பெண். நார்மல் என்பதுதான் என் கவலை என்று அவருக்குப் புரிய வைக்க முடியவில்லை. கடைசியில் "அப்ப ரீடெஸ்ட் ஃப்ரீயா அரேஞ்ச் பண்றேன் சார், நாளைக்கே ஆள் அனுப்பட்டுமா?" என்றார். நாளைக்கு! அதே ரத்தத்தை நாளைக்கு எடுத்தால் அதே எண்தான் வரும்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதன் பிறகு தினமும் அந்த லேபிலிருந்து "அனீமியா பேக்கேஜ், 40 சதவீதத் தள்ளுபடி" என்று மெசேஜ் வருகிறது.

அந்தப் பேக்கேஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு, பி12, ஃபோலேட், ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பது), ஜி6பிடி, இன்னும் ஏதேதோ சேர்த்துக் கட்டி விற்கிறார்கள். சிவப்பணு உடையும் சோகைக்கு இப்படி மொத்தமாக அள்ளிப் போடுவது வீண். ஸ்மியர், ரெட்டிகுலோசைட், பிலிருபின், எல்டிஹெச், கூம்ஸ், இவற்றிலேயே பாதி வழி தெரிந்துவிடும். ஸ்மியரில் உருண்டைச் செல்கள் இருந்தால் ஒரு பாதை, ஹீமோகுளோபின் வகைக் கோளாறு என்றால் வேறு பாதை, இரண்டும் இல்லாமல் கூம்ஸும் நெகட்டிவ் என்றால்தான் நொதி. அப்புறம், ஹெச்பிஎல்சிக்கும் இதே வம்பு உண்டு: ரத்தம் ஏற்றிய சூட்டோடு எடுத்தால் கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் கலந்துதான் தெரியும். பேக்கேஜ் விற்கிறவர்கள் அதையும் கேட்பதில்லை.

மூன்று மாசத்துக்கும் கொஞ்சம் மேலேயே பொறுத்து, பையன் நன்றாகத் தேறி ஹீமோகுளோபின் 12-ஐ ஒட்டி வந்த பிறகு கல்லூரி ஆஸ்பத்திரி லேபுக்குப் போனோம். இடம் ஒன்றும் பளபளப்பு இல்லை. பழைய கட்டடம், முதல் மாடி, பில் போடுவது கீழே ஒரு பிளாக்கில், ரத்தம் கொடுப்பது மேலே இன்னொரு பிளாக்கில். காலையில் கூட்டம் சொல்லி மாளாது, டோக்கன் போர்டு வேலை செய்யவில்லை, பெயர் கூப்பிடுவது ஃபேன் சத்தத்தில் கேட்காது. ஆன்லைன் ரிப்போர்ட் கிடையாது, நேரில்தான் வாங்க வேண்டும். நான் குறைத்த அரை மதிப்பெண் இதற்குத்தான்.

ஆனால் அந்த ஃபாரம்! பழுப்பு நிறத்தில் ஒரு பக்கம். முதல் கேள்வியே கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி. இரண்டாவது, கடைசியாக மஞ்சள் காமாலை அல்லது கறுத்த சிறுநீர் வந்த தேதி. பிறகு இப்போது எடுக்கிற மருந்துகள், குடும்பத்தில் யாருக்காவது உண்டா, பிறந்தபோது லைட்டில் வைத்தார்களா. மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் சாம்பிள் வாங்க மாட்டோம் என்று கவுண்ட்டரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரை அப்படித் திருப்பியும் அனுப்பினார்கள். அவர் கத்தினார், அந்த மேடம் அசையவில்லை. வருகிற காசை வேண்டாம் என்று சொல்கிற லேபை முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன்.

கூட்டம் குறைந்த பிறகு, பையன் உள்ளே எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்த டெக்னீஷியன் மேடம் "வா கண்ணு, உன் ரத்தத்தக் காட்டுறேன்" என்று கூப்பிட்டார். வடிகட்டித் தாளில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருந்தார். ஒரு துளி ரத்தத்தை மருந்துக் கரைசலில் கலந்து, கலந்த உடனே ஒரு சொட்டு, ஐந்து நிமிஷத்தில் ஒரு சொட்டு, பத்து நிமிஷத்தில் ஒரு சொட்டு எனத் தாளில் வைத்துக் காய விட வேண்டும். மேல் வரிசை, நொதி சரியாக இருக்கிற யாரோ ஒருவருடைய ரத்தம். கீழ் வரிசை இவனுடையது. வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பழுப்புப் பொட்டுகள்தான். அறை விளக்கை அணைத்துவிட்டு யூவி விளக்கைப் போட்டதும் மேல் வரிசையில் ஐந்தாம் நிமிஷப் பொட்டு மங்கலாகவும் பத்தாம் நிமிஷப் பொட்டு பளிச்சென்றும் வெளிர்நீலமாக ஒளிர்ந்தன. கீழ் வரிசையில் ஒன்றுமே இல்லை, மூன்றும் இருட்டு. ஒளிர்வது அந்த என்ஏடிபிஹெச்தான். நொதி இருந்தால் அது உண்டாகும், உண்டானால் ஒளிரும். "ஏன் என்னது எரியல?" என்று பையன் கேட்டான். "உன்னோடது ரெஸ்ட் எடுக்குது" என்றார் மேடம்.

இந்தப் பொட்டு டெஸ்ட் 1966-இல் எர்னஸ்ட் பியூட்லர் என்பவர் வெளியிட்டது. விலை மலிவு, பெரிய மெஷின் வேண்டாம், ஒரு யூவி விளக்கு போதும். இவ்வளவு வருஷம் கழித்தும் அது ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது, இவர்கள் நிறுத்தவும் இல்லை. அதே சாம்பிளில் அளவுமுறை டெஸ்ட்டும் செய்தார்கள்: 340 நானோமீட்டர் ஒளியில் என்ஏடிபிஹெச் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்து, அதை ஹீமோகுளோபின் கிராமால் வகுப்பது. கூடவே அதே டியூபில் ரெட்டிகுலோசைட்டும் எண்ணி ரிப்போர்ட்டிலேயே போட்டிருந்தார்கள், இளம் அணுக்கள் எண்ணைத் தூக்கிவிடவில்லை என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பையனுக்கு 0.8. ரெட்டிகுலோசைட் நார்மல். அதற்குக் கீழே டாக்டர் கைப்பட எழுதிய இரண்டு வரி, முத்திரை, கையெழுத்து. கட்டைவிரல் படம் இல்லை. (எல்லை எண்கள் லேபுக்கு லேப் மாறும், வெப்பநிலை 30-ஆ 37-ஆ என்பதைப் பொறுத்தும் மாறும், அதனால் இரண்டு லேப் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். ஆனால் 5.1-க்கும் 0.8-க்கும் உள்ள தூரத்தை எந்த முறையும் விளக்காது.)

அடுத்தது வீட்டுப் பஞ்சாயத்து. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். இதை டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் மாமியார் "அப்ப உங்க வீட்டுப் பக்கம்தான்" என்று முடித்துவிட்டார். அக்காவுக்கும் அங்கேயே பார்த்தார்கள். பொட்டு டெஸ்ட்டில் அவள் ரத்தம் ஒளிர்ந்தது, அதாவது நார்மல் மாதிரி. அளவுமுறையில் வந்ததோ நார்மலில் பாதிக்கும் சற்று மேல். பெண்களுக்கு இரண்டு எக்ஸ், ஒவ்வொரு செல்லிலும் ஒன்றுதான் வேலை செய்யும், அதனால் ஒரு எக்ஸில் மட்டும் குறை இருந்தால் பாதி அணுக்கள் நொதியோடும் பாதி நொதியில்லாமலும் ஓடும், இந்தப் பாதி என்பது ஆளுக்கு ஆள் மாறும். பொட்டு டெஸ்ட் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போனவர்களைத்தான் நன்றாகப் பிடிக்கும், நடுவில் நிற்கிற பெண்களைக் கோட்டைவிடும். அதனால் பெண்களுக்கு எடுக்கிறீர்கள் என்றால் அளவுமுறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். "குறைபாடு இல்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் விடாதீர்கள்.

பிறகு அந்த டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து "நீங்க தாய்மாமனா? நீங்களும் குடுத்துட்டுப் போங்க" என்றார். எங்கள் அம்மா வழியாக வந்திருந்தால் எனக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கொடுத்தேன். 0.9. நாற்பதை நெருங்குகிறேன், இதுவரை ஒரு நாள் கண் மஞ்சளானதில்லை. உலகத்தில் இந்தக் குறைபாடு உள்ளவர்கள் 40 கோடிப் பேருக்கு மேல் என்கிறார்கள், அதில் பெரும்பாலானோர் என் மாதிரித்தான், தூண்டுவது எதுவும் வராதவரை தெரியவே தெரியாது. எனக்கு இருப்பது ஒரு பெண் குழந்தை, அவளுக்கு என் ஒரே எக்ஸ் போயாக வேண்டும், ஆகவே அவள் நிச்சயமாகக் கடத்தி, அதாவது இந்தக் குறையுள்ள மரபணுவைச் சுமப்பவள். மகன் இருந்திருந்தால் என்னிடமிருந்து அவனுக்குப் போயிருக்காது. இதையெல்லாம் ஒரு தாளில் வட்டமும் சதுரமும் போட்டு வரைந்து காட்டியவர் அந்த டாக்டர், அதற்குத் தனி பில் போடவில்லை. செயின் லேப் ரிப்போர்ட்டில் "மரபியல் ஆலோசனை பெறவும்" என்று ஒரு வரி இருந்தது, எங்கே, யாரிடம் என்று இல்லை.

கையோடு ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள், பர்ஸில் வைக்கிற அளவு. பிரைமாகுயின், டாஃபினோகுயின், டாப்சோன், ராஸ்பூரிகேஸ், மெத்திலீன் ப்ளூ, நைட்ரோஃபுரான்டாயின், இப்படிக் கட்டாயம் தவிர்க்க வேண்டியவை முன்பக்கம். பின்பக்கம், பயப்பட வேண்டாதவை: சாதாரண அளவில் பாரசிட்டமால் அதில் முதலாவதாக இருக்கிறது. இது பெரிய நிம்மதி, ஏனென்றால் இணையத்தில் சுற்றுகிற பட்டியல்களைப் பார்த்தால் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கவே பயமாக இருக்கும். செயின் லேப் அனுப்பிய உணவுத் தாளில் "பீன்ஸ் தவிர்க்கவும்" என்று போட்டு நம்ம ஊர் அவரைக்காய்ப் படத்தை ஒட்டியிருந்தார்கள். இந்தக் குறைபாட்டோடு சண்டை போடுவது ஃபாவா பீன்ஸ், மத்தியதரைக் கடல் நாடுகளில் அதிகம் சாப்பிடுவது, அதில் வைசின் என்ற பொருள் இருக்கிறது. நம் அவரை வேறு செடி. அந்தத் தாளை நம்பி அக்கா அவரை, பீன்ஸ், பட்டாணி, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தாள், பிள்ளைக்கு சுண்டல் கூட கிடையாது. கல்லூரி டாக்டர் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார், ஃபாவா ஒன்றைத் தவிர. ஆனால் வேறு இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தார். பீரோவில் போடுகிற பாச்சை உருண்டை, அதாவது நாப்தலின், வீட்டிலேயே இருக்கக் கூடாது. பச்சைக் குழந்தைக்கு மருதாணி கூடாது, இந்தக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு மருதாணி பூசி ரத்தம் உடைந்த கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அக்காவுக்கு அடுத்து ஒரு பிள்ளை பிறந்தால் என்பதற்காகச் சொன்னார்.

பிரைமாகுயின் என்ற பெயர் வந்ததால் ஒன்று. இந்தக் குறைபாட்டையே மனிதர்கள் கண்டுபிடித்தது அந்த மருந்தால்தான். அமெரிக்காவில் ஸ்டேட்வில் சிறையில் கைதிகளுக்கு மலேரியா மருந்து கொடுத்துச் சோதித்தபோது சிலருக்கு மட்டும் ரத்தம் உடைந்தது, ஏன் என்று தோண்டியபோது 1956-இல் இந்த நொதிக் குறைவு பிடிபட்டது. கைதிகள் மேல் சோதனை செய்ததை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது, அது தனிக் கதை. நமக்கு இதில் இருக்கிற சம்பந்தம், மலேரியாவில் ஒரு வகையான வைவாக்ஸ் மலேரியா. சென்னையில் அது புதிது இல்லை, கல்லீரலில் ஒளிந்திருக்கிற கிருமியை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயின் கொடுப்பது வழக்கம். நான் சென்னையில் பல வருஷம் வேலை பார்த்தவன், கொசுக்கடிக்குக் குறைவே இல்லை. இப்போது தெரிந்துவிட்டதால் மலேரியா வந்தாலும் வழி இருக்கிறது, குறைபாடு உள்ளவர்களுக்கு வாரம் ஒரு தடவை என எட்டு வாரம் டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தெரியாமல் 14 நாள் விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்க விருப்பமில்லை.

ஜி6பிடி உண்மையிலேயே நார்மல், ஆனாலும் சோகை விடாமல் இருக்கிறது என்றால் அடுத்துப் பார்ப்பது பைருவேட் கைனேஸ் என்ற இன்னொரு நொதியின் குறைபாடு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை, ஆனால் ஓபியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் அதற்காகத்தான் அலைந்துகொண்டிருந்தார்கள், அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இது எக்ஸ் சமாச்சாரம் இல்லை, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வர வேண்டும், சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். மருந்து, தொற்று என்று எதற்கும் காத்திருக்காமல் எப்போதுமே அணு உடைந்துகொண்டிருக்கும். இந்த டெஸ்ட்டில் ஒரு தனி வம்பு: வெள்ளையணுக்களிலும் இந்த நொதி இருக்கிறது, அதுவும் சிவப்பணுவைவிடப் பல நூறு மடங்கு. ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைச் சுத்தமாக வடிகட்டாமல் அளந்தால், சிவப்பணுவில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நார்மல் என்று வரும். ஆகவே இதைக் கொடுக்கும் முன் லேபில் வெள்ளையணுவை நீக்கித்தான் செய்கிறீர்களா என்று கேளுங்கள், பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே கொடுக்காதீர்கள். வேலூர் சிஎம்சி, மும்பையில் இருக்கிற தேசிய நோய்த்தடுப்பு ரத்தவியல் நிறுவனம் மாதிரி இந்தத் துறையிலேயே ஊறிய இடங்களுக்குப் போவதுதான் உத்தமம், பல சமயம் மரபணு டெஸ்ட்டும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இதற்கு மிட்டாபிவாட் என்று ஒரு மாத்திரை 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது, ஆகவே சரியான பெயரைக் கண்டுபிடிப்பது இப்போது வெறும் தகவல் மட்டுமல்ல.

காசு விவரம்: செயின் லேபில் ஆயிரத்துக்குச் சற்று உள்ளே, வீட்டுக்கு வருகிற சார்ஜ் தனி. கல்லூரி ஆஸ்பத்திரியில் பொட்டு, அளவுமுறை, ரெட்டிகுலோசைட் மூன்றும் சேர்த்து அதில் பாதிக்கும் கீழே. ரத்தம் உடைந்து ரொம்ப நாளாகிவிட்டது, ரத்தம் ஏற்றவே இல்லை, டாப்சோன் தொடங்கும் முன் தோல் டாக்டர் ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்கிறவர்கள் தாராளமாகச் செயின் லேபிலேயே கொடுக்கலாம், அவர்கள் மெஷினில் கோளாறில்லை. அளவுமுறை, அதாவது எண்ணோடு வருகிற ரிப்போர்ட்தானா என்று மட்டும் புக் செய்யும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள், சில இடங்களில் அதே பெயரில் பொட்டு டெஸ்ட்டை மட்டும் செய்து ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் காலை பத்தரைக்குள் சாம்பிள் கொடுத்துவிடுங்கள், அதற்கு மேல் வருவதை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த நாள்தான் ஓட்டுகிறார்கள், ரிப்போர்ட் வாங்கப் போகும்போது பில் ரசீதை மறக்காதீர்கள், அது இல்லாமல் அந்த மேடம் கலெக்டரே வந்தாலும் கொடுக்க மாட்டார்.